கையெழுத்துப் போட ஆள் இல்லாத பிள்ளைகள்

நோயாளி ஒருவர், முடிவெடுப்பவர் இன்னொருவர். குழந்தைகள் வார்டு அப்படிப்பட்ட இடம். முதுகுத்தண்டில் நீர் எடுக்கலாமா, ரத்தம் ஏற்றலாமா, தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகலாமா, எதையுமே கட்டிலில் கிடக்கும் பிள்ளையிடம் கேட்பதில்லை. பக்கத்தில் நிற்கும் அப்பாவிடமோ அம்மாவிடமோ தாளை நீட்டுவோம். எழுதத் தெரியாதவர்கள் இடது கைப் பெருவிரலை மையில் தோய்த்து ஒற்றுவார்கள். தாய்மார்கள் பலர் தாளைப் பார்க்கவே மாட்டார்கள். நீட்டுகிறவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள், அதில் ஏதாவது தெரிகிறதா என்று. 2004 டிசம்பர் 26 காலை, அப்படிப் பார்க்க ஒருவரும் கூட வராத பிள்ளைகள் எங்கள் வார்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

நான் அப்போது கடலூரில் ஸ்டாஃப் நர்ஸ். பிறந்த வீடு சிதம்பரம். மார்கழித் திருவாதிரை உற்சவ நேரம். லீவு கிடைத்தால் அம்மாவோடு தரிசனத்துக்குப் போகலாம் என்றிருந்தேன், கிடைக்கவில்லை. அந்த வருஷம் ஜூலை 16-ல்தான் கும்பகோணத்தில் பள்ளிக்கூடத் தீயில் 94 பிள்ளைகள் போயிருந்தார்கள். செய்தி வந்த அன்று எங்கள் வார்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. "இந்த வருஷத்துக்கு இது போதும்டா சாமி" என்று வயதான ஆயாம்மா ஒருவர் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. சுமத்ரா பக்கம் காலை 6.28-க்குப் பூமி பிளந்தது எங்களுக்கு எப்படித் தெரியும்? கிறிஸ்துமஸுக்கு மறுநாள் என்பதால் வார்டில் ஆள் குறைவு. கேக் துண்டுகள் ஒரு எவர்சில்வர் தட்டில் மூடாமல் இருந்தன. குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வயதுக் குழந்தை நிமோனியாவில் ஆக்சிஜன் வைத்துக் கிடந்தான். அவன் அம்மா மடியிலேயே வைத்திருப்பாள், கீழே விடமாட்டாள். ஒன்பது மணிவாக்கில் வெளியே ஒரு கூச்சல். கோயில் திருவிழாக் கூட்டமா, அடிதடியா என்று புரியாத கூச்சல். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மீன்பாடி வண்டி ஒன்று உள்ளே வந்துகொண்டிருந்தது. மீன் இருக்கவேண்டிய இடத்தில் பிள்ளைகள்.

அதற்குப் பிறகு வரிசையாக எதுவும் நினைவில் இல்லை. ஆட்டோ, டிராக்டர், தோள், கட்டில் சட்டம், கதவுப்பலகை. தேவனாம்பட்டினம் என்றார்கள், சிங்காரத்தோப்பு என்றார்கள், சோனாங்குப்பம் என்றார்கள். கடல் உள்ளே வந்துவிட்டது என்று ஒருவர் சொல்ல, கடல் எப்படிம்மா உள்ளே வரும் என்று எங்கள் ஸ்டாஃப் ஒருத்தி திருப்பிக் கேட்டாள். கட்டில் நிறைந்தது, தரை நிறைந்தது, தாழ்வாரம் நிறைந்தது. வாயைத் திறந்தால் மண். சக்ஷன் குழாயை விட்டால் குழாயே அடைத்துக்கொண்டது. விரலில் காஸ் துணியைச் சுற்றி உள்ளே விட்டு வழித்து வழித்து எடுத்தோம். கறுப்புச் சேறு, சிப்பித்தூள், ஒரு பிள்ளையின் தொண்டையில் வலைநூல். கடல்நீர் போன நுரையீரல் சும்மா இருக்காது. அந்த உப்பு உடம்பிலுள்ள நீரைத் தன் பக்கம் இழுக்கும். மூக்கிலும் வாயிலும் ரோஜா நிறத்தில் நுரை தள்ளும். துடைத்தால் மறுபடி வரும். டீசலும் சேறும் கருவாடும் ஒன்றாய்க் கலந்த ஒரு வாடை அன்று என் புடவையில் ஏறியது. இன்றைக்கும் மழைக்காலத்தில் கடலூர் துறைமுகப் பக்கம் பஸ்ஸில் போனால் அந்த வாடை வரும். ஜன்னலைச் சாத்தமாட்டேன்.

ஒரு பையன். நான்கு வயது இருக்கலாம். இடுப்பில் கறுப்பு அரைஞாண் கயிறு, அதில் ஒரு செப்புத் தாயத்து. மூச்சு இல்லை, கழுத்தில் நாடி மட்டும் மெல்ல ஓடியது. அவனுக்கு அடுத்து ஒரு பெண் பிள்ளை. எட்டு வயது சொல்லலாம். மூச்சும் இல்லை, நாடியும் இல்லை, உடம்பு மட்டும் இன்னும் சூடாக இருந்தது. பிள்ளைகளுக்குப் போடும் அளவில் ஆம்பு பை அந்த நேரத்தில் என் கையில் ஒன்றுதான். நான் அந்தப் பெண்ணின் முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். டாக்டர் எதிர்ப்பக்கம் மண்டியிட்டு அவள் மார்பை அழுத்தினார். நிறுத்தி, கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். மறுபடி அழுத்தினார். மறுபடி பார்த்தார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து, "சிஸ்டர், இவனுக்கு" என்றார். என் கை நகரவில்லை. "சிஸ்டர், இவனுக்கு நாடி இருக்கு" என்றார். பையை எடுத்து அவன் முகத்தில் வைத்தேன்.

அவள் முகம் எனக்கு நன்றாகத் தெரியும். உருண்டை முகம், மேல் உதட்டுக்கு மேலே சின்னதாய் ஒரு மச்சம். தலையில் ஒரு பக்கம் எண்ணெய் தேய்த்து வழவழவென்று பின்னி, சிவப்பு ரிப்பன் வைத்து மடித்துக் கட்டியிருந்தது. மறுபக்கம் வாரப்படாமல் விரிந்து கிடந்தது, மண்ணோடு.

பேரிடர் மருத்துவம் என்று ஒரு பாடம் இருப்பது எனக்குப் பல வருஷம் கழித்து ஒரு பயிற்சி வகுப்பில்தான் தெரிந்தது. குழந்தைகளுக்கென்று தனி வரிசைமுறை ஒன்றை லூ ரோமிக் என்கிற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 1995-லேயே வகுத்திருக்கிறார். ஒரே நேரத்தில் ஏராளமானவர்கள் அடிபட்டு வரும்போது, மூச்சில்லாத பெரியவருக்குக் காற்றுவழியைத் திறந்து பார்த்துவிட்டு, மூச்சு வராவிட்டால் அடுத்தவரிடம் நகரச் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்கு மூச்சு நின்ற பிறகும் இதயம் கொஞ்ச நேரம் ஓடும். அதனால் நாடி இருக்கிற பிள்ளைக்கு ஐந்து மூச்சு கொடுத்துப் பார்க்க வேண்டும். நாடி இல்லையென்றால் நகர்ந்துவிட வேண்டும். வகுப்பில் இதைப் படமாகப் போட்டு, பெட்டிகளும் அம்புக்குறிகளுமாக விளக்கினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னப் பெண்கள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். டாக்டர் அந்த அம்புக்குறிகளைப் பார்க்காமலேயே அதே வழியில்தான் போயிருக்கிறார் என்று எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதி அரைப்பின்னல் வரைக்கும் போய்ச் சேரவில்லை, சேரவும் வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன்.

அன்று மதியத்துக்குள் ஆக்சிஜன் சிலிண்டர் தட்டுப்பாடு வந்துவிட்டது. கவட்டையாகப் பிரியும் குழாய் வைத்து ஒரு சிலிண்டரில் இரண்டு பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். அதுவும் போதாமல், குறிஞ்சிப்பாடிக் குழந்தையைப் பார்த்தார் டாக்டர். நேற்றைக்கு இன்று அவன் கொஞ்சம் தேறியிருந்தான். "கொஞ்ச நேரம் எடுத்துப் பார்க்கலாமாம்மா, அந்தப் பிள்ளைக்கு ரொம்ப முடியல" என்று அவன் அம்மாவிடம் கேட்டார். அவள் மாஸ்க்கை அவன் முகத்தோடு சேர்த்து உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். "எம்புள்ள மொதல்ல வந்தான் டாக்டரய்யா. அவனுக்கு இன்னும் நெஞ்சு குழியுது, பாருங்க" என்றாள். சுற்றி நின்ற நான்கைந்து பேர் அவளை ஏசினார்கள். ஊரே செத்துக் கிடக்குது, உனக்கு உம்புள்ளதானா என்று ஒரு பெரியவர் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். டாக்டர் அவரைத் தள்ளி நிறுத்தினார். குனிந்து அந்தக் குழந்தையின் நெஞ்சைப் பார்த்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்துகொண்டுதான் இருந்தது. "அவங்க சொல்றது சரி. அவனுக்கு வேணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போனார்.

எத்தனையோ பேரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். கேட்பவர்கள் பாதிப்பேர் அந்தத் தாயைக் கல்நெஞ்சக்காரி என்கிறார்கள். எனக்கு அவள் மேல் மரியாதைதான். அலையில் அடிபடாமல், டிவியில் வராமல், வயல் ஊரிலிருந்து சாதாரணமாக நோய்வாய்ப்பட்டு வந்த ஒரு குழந்தைக்கும் உயிர் ஒன்றுதான். அன்று அவனுக்காகப் பேச இருந்தவள் அவள் ஒருத்தி.

நாடி இருந்த பையனுக்கு மூச்சு திரும்பியது. ஆனால் நுரையீரல் நிறையத் தண்ணீர். புதுச்சேரி ஜிப்மருக்கு அனுப்பினால்தான் பிழைப்பான் என்றார்கள். 108 வண்டி தமிழ்நாட்டுக்கு வந்தது 2008-ல். அன்றைக்குக் கிடைத்த வண்டியில் ஏற்ற வேண்டும், கூட யாராவது போக வேண்டும். பெயர் தெரியாது, ஊர் தெரியாது. அவனைத் தூக்கிவந்த மீனவர் தாழ்வாரத்தில் ஈர லுங்கியோடு நின்றுகொண்டிருந்தார். முள்வேலியில் சிக்கியிருந்தவனை எடுத்துவந்திருக்கிறார், யார் வீட்டுப் பிள்ளை என்று அவருக்கும் தெரியாது. "உறவு என்னன்னு எழுதணும்" என்றேன். ஒரு நிமிஷம் யோசித்தார். "சித்தப்பான்னு போடும்மா" என்றார். போட்டேன். சட்டப்படி அந்தக் கையெழுத்து தேவையே இல்லை. சம்மதம் கேட்க ஆள் இல்லாத நிலையில், உயிர் காக்கும் நல்லெண்ணத்தில் செய்யும் வைத்தியம் குற்றமாகாது என்று அப்போதிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 92-வது பிரிவு சொன்னது. ஆனால் பிரிவு வண்டியில் ஏறிப் பிள்ளையின் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காராதே. அவர் உட்கார்ந்தார். அவருடைய கட்டுமரமும் வலையும் எங்கே போயின என்று அதுவரை அவர் போய்ப் பார்க்கவில்லை. பையனின் அம்மா அந்த வாரமே ஜிப்மரில் அவனைக் கண்டுபிடித்தாள், தாயத்தை வைத்து.

சாயங்காலம் ஒருவர் வந்தார். சட்டை இல்லை, தோளில் பெரிய சிராய்ப்பு. வரிசையாகத் துணி விலக்கிப் பார்த்துக்கொண்டே வந்தவர், அரைப்பின்னல் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். ரொம்ப நேரம் கழித்து, "வைத்தியம் பாத்தீங்களா இதுக்கு?" என்று கேட்டார். பார்த்தோம், காப்பாற்ற முடியவில்லை என்று சொல்லி நான் முடித்திருப்பேன். டாக்டர் அவர் எதிரே தரையில் உட்கார்ந்தார். "பாத்தோம்யா. நாடி இல்ல. கொஞ்ச நேரம் முயற்சி பண்ணினோம். பக்கத்துல ஒரு பையனுக்கு நாடி இருந்துச்சு, அவன்கிட்ட போயிட்டோம்" என்றார். எனக்கு உடம்பு நடுங்கியது. அந்த மனுஷர் டாக்டரை அடிப்பார் என்று நினைத்தேன். "அந்தப் பையன் இருக்கானா?" என்று கேட்டார். இருக்கிறான், ஜிப்மருக்குப் போயிருக்கிறான் என்றோம். வாரப்படாத பக்கத்து முடியிலிருந்து மண்ணை உதறிக்கொண்டே, "இவ அம்மா ஜட போட்டுக்கிட்டிருந்தா" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று டாக்டரிடம் நான் பின்னால் கேட்டேன். "நாளைக்கு வேற யாராவது சொல்லி அவருக்குத் தெரியும். அப்போ நாம மறைச்சோம்னு ஆயிடும். அதோட, அவர் பொண்ணை நாம சும்மா போட்டு வைக்கலன்னு அவருக்குத் தெரியணும்" என்றார். இதில் எல்லா டாக்டர்களும் ஒத்துப்போக மாட்டார்கள். நான் இப்போது அவர் பக்கம்தான்.

கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறு பேருக்கு மேல் போனார்கள். பிள்ளைகளும் பெண்களும் அதில் அதிகம். ஞாயிறு என்பதால் பள்ளிக்கூடம் இல்லை, பிள்ளைகள் மணலில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஓடவும் பிடித்துக்கொள்ளவும் வலு இல்லை. தெற்கே கிள்ளை, பிச்சாவரம், எம்.ஜி.ஆர். திட்டுப் பக்கத்துச் சனத்துக்குச் சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிதான் கிட்ட. சுரபுன்னைக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் தப்பின, கடலைப் பார்த்து மணல்திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு தப்பவில்லை. பரங்கிப்பேட்டை ஜமாத்தார் அண்டா அண்டாவாகச் சோறு ஆக்கி, மீனவக் குடும்பங்களுக்கு நாள்கணக்கில் போட்டார்கள். பதவியிலிருப்பவர்கள் வந்தார்கள், காரிலிருந்து இறங்கிப் பார்த்தார்கள், போனார்கள். அவர்களைப் பற்றி எழுத மற்றவர்கள் இருக்கிறார்கள்.

டிசம்பர் 29-ல் தட்டம்மைத் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். முகாம் என்றால் பள்ளிக்கூடமும் கல்யாண மண்டபமும்தான். ஆறு மாதம் முதல் அறுபது மாதம் வரைக்கும் உள்ள பிள்ளைகளுக்கு. ஒரு முகாமில் நானும் ஊசி போட்டேன். ஏழு வயதுப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டி வரிசையில் நின்றார். வயது தாண்டிவிட்டது பாட்டி என்றதும், "இருக்கிறதே இது ஒண்ணுதாம்மா எனக்கு" என்றார். மறுநாளே கடலூரில் தட்டம்மை கண்ட பிள்ளைகள் பற்றித் தகவல் போனது. சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தார் வந்து விசாரித்து, 2006-ல் ஆய்வாகவே வெளியிட்டார்கள்: ஒரு தவணை ஊசி 95 சதவீதத்துக்கு மேல் போட்டிருந்த ஊரிலும் சுமார் 100 பேருக்கு வந்திருந்தது, ஐந்து வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கும் வந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் முடிந்தால் 14 வயது வரை போடுங்கள் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பேச்சு. கையிருப்பு குறைவாக இருக்கும்போது சின்னதுகளுக்கு முதலில் என்பதில் நியாயம் இருக்கிறது, தட்டம்மை அவர்களைத்தான் அதிகம் கொல்லும். ஆனால் கோட்டை அறுபதில் போடுகிறவர்கள் அறுபத்தொன்றாவது மாதத்துப் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதில்லை. வரிசையில் நிற்கும் நர்ஸ் பார்த்தாக வேண்டும்.

இன்னொருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிள்ளைப் பக்கத்துப் பெண், பதினோரு வயது. அம்மாவும் தம்பியும் அலையில் போய்விட்டார்கள். அப்பா முன்பே இல்லை. வலது கால் முழங்காலுக்குக் கீழே தகரம் வெட்டி, சேறு ஏறி, அழுகத் தொடங்கியிருந்தது. சிதம்பரத்தில் வைத்தியம் நடந்தது. லீவில் அம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவளைப் பார்ப்பேன். என் சிநேகிதி ஒருத்தி அங்கே நர்ஸ். தினம் காயத்தைக் கழுவி, செத்த சதையை வெட்டி எடுப்பார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. கடைசியில் காலை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார்கள். அத்தைதான் கார்டியன். "பொட்டப் புள்ள சார். கால் இல்லாம யாரு கட்டுவா? நான் இருக்கிற வரைக்கும் சரி, அப்புறம்?" என்று தாளை வாங்க மறுத்துவிட்டார். அவர் கேட்டது வீண் கேள்வி இல்லை. அந்த ஊரில் ஒரு பெண்ணுக்கு என்ன நடக்கும் என்று நம்மைவிட அவருக்குத் தெரியும்.

பன்னிரண்டு வயதுக்குக் கீழ் இருந்தால் பிள்ளையின் சம்மதம் சம்மதமே ஆகாது. பாதுகாவலர்தான் பேச வேண்டும். அதுவும் அன்றைய சட்டம்தான், 89, 90-வது பிரிவுகள். அப்படியிருந்தும் எலும்பு டாக்டர் கட்டிலில் உட்கார்ந்து அவளிடமே பேசினார். நான் அப்போது பக்கத்தில் இருந்தேன். கால் செத்துவிட்டது, அதிலிருந்து விஷம் மேலே ஏறுகிறது, எடுத்தால் பிழைப்பாய், கட்டைக்கால் வைத்து நடக்கலாம், எடுக்காவிட்டால் பிழைக்க மாட்டாய் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். அத்தை காதைப் பொத்திக்கொண்டார். அவள் போர்வைக்குள் கையை விட்டு முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள். "எடுத்துட்டா வலி நிக்குமா?" என்றாள். "கொஞ்ச நாள் இருக்கும். அப்புறம் நிக்கும்." "அம்மா வந்தாதான் கேக்கணும், அம்மா வராதில்ல?" என்றாள். அதுவரை அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. டாக்டர், "வரமாட்டாங்க கண்ணு" என்றார். அவள் அழவில்லை. "அப்போ எடுத்துடுங்க" என்றாள். அத்தை பெருவிரலை மையில் வைத்தார்.

இப்போது அவளுக்கு முப்பது தாண்டிவிட்டது. சிதம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள், கல்யாணமும் ஆகி ஒரு மகன் இருக்கிறான். போன வருஷம் அவனுக்கு டெங்குக் காய்ச்சல். ரத்தத் தட்டணு ஏற்றவேண்டி வரலாம் என்று தாளை நீட்டியிருக்கிறார்கள். கையெழுத்துப் போடும்போது கை ஓடவில்லையாம். அன்று ராத்திரி எனக்குப் போன் செய்தாள்.

"அக்கா, அன்னைக்கு நான் வேணாம்னு சொல்லியிருந்தா, என்ன செஞ்சிருப்பாங்க?"

அந்த எலும்பு டாக்டரிடம் இதே கேள்வியை நான் முன்பே கேட்டிருந்தேன். ஒரு நாள் பொறுத்து மறுபடி கேட்டிருப்பேன், அத்தையிடம் பேசியிருப்பேன், அப்படியும் முடியாவிட்டால் எடுத்திருப்பேன், சாக விட்டிருக்கமாட்டேன் என்று சொல்லியிருந்தார். அதை மறைக்காமல் அவளிடம் சொன்னேன்.

"அப்போ என்னைக் கேட்டது எதுக்கு?" என்றாள். கோபமாகத்தான் கேட்டாள்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. அவளே பேசினாள். மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தபோது கால் இல்லாதது தெரிந்ததாம். பக்கத்துக் கட்டிலில் ஒரு பையனுக்கும் கையை எடுத்திருந்தார்களாம். அவனிடம் யாரும் முன்னால் சொல்லவில்லை. அவன் நாலு நாள் ராத்திரி பகலாகத் தன் கையைக் கேட்டுக் கத்திக்கொண்டே இருந்தானாம். "நான் கத்தல அக்கா. எனக்குத் தெரியும்ல" என்றாள். பிறகு மகனுக்குத் தட்டணு எண்ணிக்கை காலையில் எவ்வளவு, சாயங்காலம் எவ்வளவு என்று படித்துக் காட்டினாள். ஊசி போடுவதற்கு முன்னால் அவனிடம் சொல்லலாமா, ஆறு வயதுப் பிள்ளைக்கு எதுவரைக்கும் சொல்லலாம் என்று கேட்டாள். வெகுநேரம் பேசினோம்.